"அவிந்த எரிமலை"க்குப் பதிலாக "ஊற்றொழிந்த எரிமலை"

வணக்கம் ஐயா,

"அவிந்த எரிமலை" இனி வெடிக்காத எரிமலைக்கு (extinct volcano) பாடப்புத்தகத்தில் பழகிப்போன சொல், அதை ஏன் தொட வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். விளக்கு அவிந்தது, அதாவது அணைந்தது, என்ற பழைய வழக்கு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் இங்கே திருகோணமலையில் ஒரு பிள்ளையிடம் அவிந்தது எது என்று கேட்டால் கிழங்கு என்று சொல்லும், அவிப்பது புட்டு. அந்தப் பிள்ளை அவிந்த எரிமலை என்று படித்தால் உள்ளே இன்னும் வெந்துகொண்டிருக்கும் மலை என்றுதான் எடுத்துக்கொள்ளும், அது நேர் எதிர்ப்பொருள்.

"தணிந்த", "அணைந்த" இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை. தணிந்தது திரும்ப மூளும். அந்தமான் கடலில் இருக்கும் பாரன் தீவு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சத்தமில்லாமல் கிடந்துவிட்டு 1991இல் வெடித்தது. அதே ஆண்டில் பிலிப்பைன்சின் பினடூபோவும் ஏறக்குறைய 500 ஆண்டு அமைதிக்குப் பிறகு வெடித்தது. முந்தைய ஆண்டு பார்த்திருந்தால் இரண்டையும் யாரும் தணிந்தது என்றே சொல்லியிருப்பார்கள், ஆனால் அவை உறங்கிக்கொண்டுதான் இருந்தன. வெளியே நெருப்புத் தெரிகிறதா என்பது இங்கே அளவுகோலே இல்லை, கீழிருந்து பாறைக்குழம்பு இனியும் வருமா என்பதுதான் கேள்வி.

ஹவாயைப் பாருங்கள். பசிபிக் புவித்தட்டு வடமேற்காக நகர, அதன்மேல் உள்ள தீவுகள் அடியில் பாறைக்குழம்பு எழும்பும் சூடான இடத்தை விட்டு விலகிப் போகின்றன. பெரிய தீவு ஒன்றிலேயே கிலாவேயா இன்றைக்கும் குழம்பைக் கக்குகிறது, மவுனா கியா கடைசியாக வெடித்துச் சுமார் 4,500 ஆண்டாகிறது, அதை உறங்குவது என்கிறார்கள், வடக்கு ஓரத்தில் உள்ள கோஹாலாவுக்கோ குழம்பு வரத்தே நின்றுவிட்டது. ஆகவே சொல் இந்த வரத்தைச் சுட்ட வேண்டும்.

"தூர்ந்த எரிமலை" என்று ஒருவர் எழுதியிருந்தார், அது ஆபத்தான சொல், ஏனென்றால் வாய் அடைபட்ட எரிமலையில் உள்ளே அழுத்தம் கூடும். "வற்றிய" நல்ல சொல், ஆனால் நம்முடைய குளங்கள் கோடையில் வற்றி மாரியில் திரும்ப நிரம்புகின்றனவே! ஊற்றே ஒழிந்துவிட்டால் அப்படி நிரம்பாது. அதனால்தான் "ஊற்றொழிந்த எரிமலை" என்கிறேன், சொல்லவும் வாய்க்கு வருகிறது.

ஊற்று என்றதும் பிள்ளைகள் இங்குள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளை நினைப்பார்கள் என்று நீங்கள் சொல்வது சரி, ஏற்கெனவே அங்கே போகிறவர்களில் சிலர் கிணறுகளுக்கு அடியில் எரிமலை இருக்கிறதா என்று கேட்கத்தான் செய்கிறார்கள். இல்லை. இலங்கையில் எரிமலையே கிடையாது, நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகத்தைப் பாடத்திலேயே ஒரு வரியில் தீர்த்துவிடலாம், அதற்காகச் சொல்லைக் கைவிட வேண்டாம்.

"உயிர்ப்புள்ள", "உறங்கும்" இரண்டும் அப்படியே இருக்கட்டும். ஒன்று மட்டும்: சுமார் 10,000 ஆண்டுக்குள் ஒருமுறை வெடித்திருந்தாலே பலர் உயிர்ப்புள்ளது என்று எண்ணுகிறார்கள் (உறங்கும் மவுனா கியாவும் அதில் அடங்கும்), அதற்குப் பதில் "செயல்படும்" என்றால் இப்போதே வெடிப்பதாகத் தோன்றும். இப்போது வெடித்துக்கொண்டிருப்பதைக் "குமுறும் எரிமலை" எனத் தனியாகக் குறிக்கலாமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள் ஐயா.