மஹிந்திரா எஸ்யூவி: எக்ஸ்யூவி500, இரண்டு ஸ்கார்பியோ, பொலிரோ நியோ. எதை எடுப்பது?

மண்சாலை:
வீட்டில் ஆறு பேர், அதில் அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி. பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம்தான், எப்போதாவது கொல்லிமலை. மஹிந்திரா டீசல் என்று முடிவாகிவிட்டது, ஆனால் ஸ்கார்பியோ என்ற பெயரிலேயே கிளாசிக், ‘என்’ (N) என்று இரண்டு இருக்கின்றன, பொலிரோ நியோ தனியாக இருக்கிறது, போதாக்குறைக்கு செகண்ட் ஹேண்டில் எக்ஸ்யூவி500 நல்ல விலைக்கு வருகிறது. இவற்றுக்குள் என்னதான் வித்தியாசம்?

டீசல்பிரியன்:
பெயரை விடுங்கள் நண்பரே, அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2002இல் வந்த ஸ்கார்பியோவின் வழியில் வந்ததுதான் கிளாசிக். 132 பிஎஸ் (குதிரைத்திறன்) டீசல், மேனுவல் கியர் மட்டும், 4x4, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வசதி கிடையாது. 2022இல் வந்த ஸ்கார்பியோ-என் வண்டிக்கும் லேடர் ஃபிரேம்தான் (ஏணி மாதிரி தனிச் சட்டத்தின்மேல் பாடியை வைப்பது), ஆனால் அந்த ஃபிரேமே புதிது, டீசலில் 175 பிஎஸ் வரை உண்டு, ஆட்டோமேட்டிக்கும் உண்டு. பொலிரோ நியோ என்பது 2015இல் டியூவி300 என்று வந்த வண்டி, 2021இல் பெயரை மாற்றினார்கள். எக்ஸ்யூவி500 இவை எதோடும் சேராது. 2011இல் வந்த மோனோகாக் (சட்டமும் பாடியும் ஒன்றாகவே இருக்கும்) வண்டி, அதனால் வளைவில் ஆட்டம் குறைவு, பெரியவர்களுக்குத் தலைசுற்றாது. அதன் இடத்துக்கு வந்ததுதான் எக்ஸ்யூவி700.

நாலுவழி:
ஆறு பேர் போகும் வண்டி என்றால் நான் முதலில் கிராஷ் டெஸ்டைத்தான் பார்ப்பேன். 2016இல் குளோபல் என்கேப் (கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் அமைப்பு) சோதித்த ஏர்பேக் இல்லாத பழைய ஸ்கார்பியோவுக்கு ஒரு ஸ்டார்கூட இல்லை. ஸ்கார்பியோ-என் 5 ஸ்டார், எக்ஸ்யூவி700 5 ஸ்டார். பொலிரோ நியோ 2024இல் வாங்கியது 1 ஸ்டார், அதை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன்.

மண்சாலை:
அப்படியானால் ஸ்கார்பியோ-என் எடுத்துவிடலாமா? 4x4 தேவைப்படுமா?

டீசல்பிரியன்:
கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் தார்ச்சாலைதானே, 4x4 தேவையே இல்லை, அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். ஸ்கார்பியோ-என் வண்டியில் எனக்குள்ள குறை வேறு. மூன்றாவது வரிசையை நிமிர்த்திவிட்டால் பின்னால் பெட்டி வைக்க இடமே இருக்காது, ஆறு பேர் ஊருக்குப் போனால் சாமான் கேரியரில்தான் ஏறும். ஏறும் உயரமும் அதிகம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு செகண்ட் ஹேண்ட் எக்ஸ்யூவி700தான் என் ஓட்டு. எக்ஸ்யூவி500 தயாரிப்பு 2021இல் நின்றுவிட்டது, சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்புறம், பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசலை ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன தூரம் ஓட்டினால் டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் அடைக்கும். உங்களுக்கு நெடுஞ்சாலை ஓட்டம் என்பதால் அந்தக் கவலை குறைவு.

மண்சாலை:
சரி, அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700 இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்கிறேன். கிளாசிக், நியோ இரண்டையும் விட்டுவிட்டேன்.