பதினொன்றாம் வகுப்பு அசமன்பாடுகள் (பெரிது, சிறிது என்று ஒப்பிடும் கணக்குகள்): உங்களுக்குப் புரிந்த தருணம் எது?

பாளையங்கோட்டையிலிருந்து:

திருச்செந்தூர் பாசஞ்சரில் எனக்கு எதிரே ஒரு பையன் (எக்ஸ் − 3)/(எக்ஸ் + 1) > 2 என்ற கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கீழே இருந்த எக்ஸ் + 1-ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் பெருக்கி, எக்ஸ் < −5 என்று முடித்துவிட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாராம், நோட்டை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, கீழ இருக்குதது பிளஸ்ஸா மைனஸான்னு தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாம எப்படிப் பெருக்குன? மைனஸா இருந்தா பெரிது-சிறிது குறி திரும்பிருமே."

அப்புறம் −6-ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 1.8 வந்தது, 2-ஐத் தாண்டவில்லை. −2-ஐப் போட்டால் 5. அவன் ஒதுக்கிய எண் பொருந்துகிறது, எடுத்துக்கொண்ட எண் பொருந்தவில்லை! 2-ஐ இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கினால் (எக்ஸ் + 5)/(எக்ஸ் + 1) < 0. பின்னம் பிளஸ்ஸா மைனஸா என்பது மாறக்கூடிய இடங்கள் −5, −1 இரண்டுதான்; அவற்றுக்கு நடுவில் இருப்பதே விடை. பையனின் விடையில் ஒரு எண்கூடத் தேறவில்லை. ஸ்ரீவைகுண்டம் வருவதற்குள் அவனே இன்னொரு கணக்கைப் போட ஆரம்பித்துவிட்டான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நான் இங்கே டியூஷன் எடுக்கிறேன். எண்கோட்டின் வலது ஓரத்தில் பிளஸ், அடுத்து மைனஸ், திரும்பப் பிளஸ் என்று மாற்றி மாற்றிப் போடும் பழக்கத்தோடுதான் பல பிள்ளைகள் வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. பல்லுறுப்புக் கோவையின் (எக்ஸ், எக்ஸ்² போன்றவற்றை எண்களால் பெருக்கிக் கூட்டி எழுதுவது) வரைபடம் எங்கும் அறுபடாத கோடு. பூஜ்ஜியத்தைத் தொடாமல் அது பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போக முடியாது. ஆனால் தொட்ட இடத்திலெல்லாம் கடந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இதைச் சொல்லாமல் குறியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

இதற்காகவே (எக்ஸ் + 1)(எக்ஸ் − 2)²(எக்ஸ் − 5) ≥ 0 கொடுப்பேன். ஒரு பெண் எண்கோடு வரைந்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, 2-ல குறி மாறவே இல்ல, வர்க்கம்லா!" என்றாள். −1-உம் அதற்குக் கீழும், 5-உம் அதற்கு மேலும் என்று விடை எழுதினாள்.

"சரி, 2-ஐயே போட்டுப் பாரு."

பூஜ்ஜியம் வந்தது. சமமும் சேர்த்தி என்பதால் 2-உம் விடைதான், இரண்டு பக்கமும் துணையில்லாமல் ஒற்றையாக. எண்கோட்டில் அங்கே ஒரு புள்ளியை அழுத்தி வைத்தாள். "அப்போ வெறும் > போட்டிருந்தா 2 வராதுல்லா?" என்று அவளே கேட்டாள். ≤ 0 என்று மாற்றிக் கொடுத்ததும், −1 முதல் 5 வரை ஒரே துண்டு என்று நோட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள்.