குழந்தைகளின் இதய வால்வு சிமுலேஷன்: நாண்களை எப்படி வைப்பது?

வணக்கம். ஏவி கால்வாய்க் குறைபாட்டோடு (இதயத்தின் நடுச்சுவரும் மேலறை-கீழறை வால்வுகளும் சரியாக உருவாகாத நிலை) பிறக்கும் குழந்தைகளுக்கு, இடது வால்வு இதழில் உள்ள பிளவைத் தைத்தால் கசிவு எவ்வளவு குறையும் என்று அறுவை சிகிச்சைக்கு முன்பே கணினியில் பார்க்க முயல்கிறேன். முப்பரிமாண எக்கோ படத்திலிருந்து ஸ்லைசர்ஹார்ட் என்ற இதயப் பட மென்பொருளில் இதழ்களைப் பிரித்தெடுத்து, ஃபெபயோ என்ற சிமுலேஷன் மென்பொருளில் அழுத்தம் கொடுத்து மூட வைக்கிறேன். இதுவரை சரி.

சிக்கல், இதழ்களை இழுத்துப் பிடிக்கும் நாண்களில்தான். எக்கோவில் அவை தெளிவாகத் தெரிவதில்லை, ஊகித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. நீளத்தைக் கொஞ்சம் கூட்டினால் இதழ் மேலறைக்குள் புடைத்துவிடுகிறது. குறைத்தால் இதழ்கள் முழுதாகச் சேராமல் நடுவில் இடைவெளி விழுகிறது. கசிவின் அளவே இதனால் மாறிவிடுவதால் பெரிய கவலை. நீங்கள் நீளத்தை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? கிளை நாண்கள் தேவையா, இதழ் முழுக்கச் சீராகப் பரப்பினால் போதுமா?

அப்புறம், தையல் முனையில் திரிபு (திசு இழுபடும் அளவு) திடீரென்று எகிறுகிறது. மெஷ்ஷை (மாடலைப் பிரிக்கும் சிறு கட்டங்களை) நுணுக்கினால் இன்னும் கூடுகிறது. அதை நம்பலாமா?

பிளவை அளவுக்கு மீறித் தைத்தால் வால்வு குறுகிவிடும். வளரும் குழந்தைக்கு, வால்வைச் சுற்றி வைத்துத் தைக்கும் முழு வளையமும் எளிதில் பொருத்த முடியாது. அதனால்தான் இவ்வளவு கேட்கிறேன். அடையாளம் நீக்கிய மாடல் கோப்பைப் பகிரத் தயார்.