கறுத்த ஃபார்திங்கும் எச் இல்லாத 1882 பென்னியும்: பழைய பிரிட்டிஷ் நாணயங்களோடு என் அனுபவம்

பழைய பிரிட்டிஷ் நாணயங்கள் கைக்கு வந்தவுடன் பலரும் கேட்பது, இவற்றை எப்படிச் சுத்தம் செய்வது என்பதுதான். இந்த நாணயம் நாணயச்சாலையை விட்டு வெளியேறிய நாளில் எப்படி இருந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வது வழக்கம். அது தெரியாமல் நாணயத்தைத் தேய்க்கவும் கூடாது, போலி என்று ஒதுக்கவும் கூடாது, அரிய வகை என்று பணம் கொடுக்கவும் கூடாது. லண்டனில் எனக்கு நேர்ந்த சில சந்திப்புகளை இங்கே பகிர்கிறேன்.

ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் பெரியவர் ஒருவர், வீட்டின் பரணில் முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற தகரப் பெட்டியில் நாணயங்கள் இருப்பதாகச் சொல்லி என்னை அழைத்திருந்தார். "தம்பி, குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன், எப்படி மின்னுகிறது பாருங்கள்" என்று ஒரு தட்டை மகிழ்ச்சியோடு நீட்டினார். விக்டோரியா அரசியின் கொண்டைத் தலை பென்னிகளும், ஐந்தாம் ஜார்ஜ் காலத்துப் பென்னிகளும், கால் பென்னி மதிப்புள்ள ஃபார்திங்குகள் ஒரு பிடியும் அதில் இருந்தன. புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்துவிட்டதால் அவை அனைத்தும் வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தன. ஆண்டு எண்ணுக்கு இடப்புறம் எச் (H) எழுத்து கொண்ட 1912ஆம் ஆண்டுப் பென்னி ஒன்றும் அதில் கிடந்தது. அது பர்மிங்ஹாமின் ஹீட்டன் என்ற தனியார் ஆலையில் அச்சானது, எச் அந்த ஆலையின் அடையாளம். தேய்க்காமல் இருந்திருந்தால் நல்ல விலை பெற்றிருக்கும்.

அவர் மிகுந்த சிரமப்பட்டுத் தேய்த்திருந்தது ஃபார்திங்குகளைத்தான். "இதெல்லாம் கரிக்கட்டை மாதிரி இருந்தது, அழுக்கு போகவே இல்லை" என்றார். அந்தக் கருமை அழுக்கே அல்ல. புதிதாக அச்சான வெண்கல ஃபார்திங் பொன்னிறத்தில் பளபளக்கும். அளவிலும் அரை சவரன் தங்க நாணயத்துக்கு மிக நெருக்கமாக இருக்கும். ஒன்றின் மதிப்பு கால் பென்னி, மற்றொன்றின் மதிப்பு பத்து ஷில்லிங், அதாவது 480 ஃபார்திங். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே பிரிட்டிஷ் அரசின் நாணயச்சாலையான ராயல் மின்ட் 1897 முதல் ஏறத்தாழ முதல் உலகப் போர் முடியும்வரை ஃபார்திங்குகளை வேதிப்பூச்சால் கறுப்பாக்கி வெளியிட்டது. பெட்டியின் மூலையில் தப்பிக் கிடந்த ஒரு ஃபார்திங்கை அவர் கையில் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொன்னேன். எழுத்துகளின் மேலும் இடைவெளிகளிலும் ஒரே சீராகப் படிந்த மெல்லிய கருமையும், அதன் அடியிலிருந்து புது உலோகத்தின் மினுமினுப்பு சுழன்று வருவதும் தெரிந்தன. கை அழுக்கு அப்படி இருக்காது. அது எழுத்துகளின் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும், மேடான பகுதிகளில் தேய்ந்து போயிருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. 1944 முதல் 1946 வரையிலான பென்னிகளையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். போர்க்காலத்தில் தகரம் குறைக்கப்பட்ட கலவையில் அச்சான அவற்றையும் நாணயச்சாலையே பழுப்பாக்கி அனுப்பியது.

அரை சவரன் குறித்த இதே அச்சம் 1887ஆம் ஆண்டின் ஆறு பென்ஸ் நாணயத்துக்கும் ஒரு வரலாற்றைத் தந்திருக்கிறது. விக்டோரியாவின் பொன்விழாவுக்காக வெளியான அந்த வெள்ளி நாணயத்தின் பின்பக்கத்தில் கேடய வடிவம் இருந்தது. மதிப்பு எங்கும் எழுதப்படவில்லை. அரை சவரனிலும் அதே போன்ற கேடயம். ஏமாற்றுக்காரர்கள் தங்க முலாம் பூசி அதை இருபது மடங்கு மதிப்புக்கு மாற்றத் தொடங்கியதும், அந்த வடிவம் அதே ஆண்டில் கைவிடப்பட்டு, மாலைக்குள் மதிப்பு எழுதிய வடிவம் வந்தது. ஒரு நாணயக் கண்காட்சியில், கேடயத்தின் விளிம்புகளில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்த ஒன்றை ஒருவர் போலி அரை சவரன் என்று சலிப்போடு காட்டினார். தராசில் வைத்தோம், 2.8 கிராம். உண்மையான அரை சவரன் ஏறத்தாழ 4 கிராம் இருக்க வேண்டும். ஆகவே அது ராயல் மின்டில் அச்சான நல்ல வெள்ளி ஆறு பென்ஸ்தான். முலாம் மட்டுமே வெளியாரின் வேலை. அந்த மஞ்சளைச் சுரண்டிவிடாதீர்கள் என்று அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் அந்த வடிவம் ஏன் கைவிடப்பட்டது என்பதற்கான சான்று அந்த மஞ்சளில்தான் இருக்கிறது.

இனி 1882ஆம் ஆண்டுப் பென்னிக்கு வருகிறேன். லண்டன் நாணயச்சாலையில் இயந்திரங்களைப் புதுப்பிக்கும் பணி நடந்ததால் அந்த ஆண்டின் பென்னிகளை ஹீட்டன் ஆலை அச்சிட்டது. எனவே ஆண்டு எண்ணின் கீழே எச் எழுத்து இருப்பதே இயல்பு. எச் இல்லாத 1882 மிக அரிது, அதனால்தான் எச்சை அரத்தால் எடுத்துவிட்டு விற்கும் வேலையும் நடக்கிறது. எனக்குக் காட்டப்பட்ட ஒன்று எடையில் சரியாகவே இருந்தது. ஒற்றை எழுத்தை எடுப்பதால் 9.45 கிராம் எடையில் தெரியக்கூடிய மாற்றம் வராது. பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, மேசை விளக்கின் ஒளி பக்கவாட்டில் விழும்படி மெல்லத் திருப்பினேன். எண்ணின் கீழே மிக ஆழம் குறைந்த ஒரு குழிவும், அந்தக் குழிவுக்குள் மட்டும் ஒரே திசையில் ஓடிய மெல்லிய கீறல்களும், சுற்றியுள்ள பழுப்போடு ஒட்டாத சற்றே சிவந்த நிறமும் தெரிந்தன. அரசியின் கழுத்தோரக் கூந்தல் இழைகளும் விளிம்புப் பற்களும் கூர்மையாக இருக்கும் நாணயத்தில் அந்த ஓரிடம் மட்டும் மழுங்கியிருப்பது தேய்மானத்தால் நேர்வதல்ல. விற்பவரிடம் விளக்கைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றி விலைச்சீட்டை எடுத்துவிட்டார்.

எல்லா வேறுபாடுகளுக்கும் இவ்வளவு பாடு தேவையில்லை. 1902ஆம் ஆண்டுப் பென்னியின் பின்பக்கத்தில், திரிசூலத்தோடு அமர்ந்திருக்கும் பெண்ணுருவான பிரிட்டானியாவின் கால்கள் குறுக்கிடும் உயரத்தில் கடல்மட்டக் கோடு ஓடினால் சாதாரண வகை. அதற்குத் தெளிவாகக் கீழே ஓடினால் குறைந்த கடல்மட்ட வகை. 1895ஆம் ஆண்டில் திரிசூலத்துக்கும் பென்னி என்ற சொல்லின் முதலெழுத்துக்கும் இடையே 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அரிது, 1 மில்லிமீட்டர் என்றால் பொதுவானது. வணிகர்களின் மலிவுத் தட்டுகளில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினால் அந்த 2 மில்லிமீட்டர் வகை இன்றும் அகப்படுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் பென்னிகளின் பின்பக்கத்தில் அரசர் தலையின் நிழல் போன்ற வடிவம் தெரிவதைப் பார்த்துப் போலி என்று அஞ்சுவோரும் உண்டு. பெரிய தலையுருவை நிரப்ப உலோகம் அப்பக்கம் இழுபட்டதால் வந்த குறை அது. அதைச் சரிசெய்யத்தான் தலையுருவையே திருத்தினார்கள். திருத்திய தலையோடு 1926இல் அச்சான பென்னி இன்று மிகவும் தேடப்படுகிறது.

1905ஆம் ஆண்டு அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் வெள்ளி நாணயம்தான் எனக்கு மிகுந்த கவலை தருவது. 1,66,008 மட்டுமே அச்சானதால் அதற்குப் போலி மிகுதி, அதுவும் எடையிலும் வெள்ளியிலும் தேறிவிடும் போலி. இரண்டு வேறு விற்பனையாளர்களின் நாணயப் படங்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழாம் எட்வர்டின் கன்னத்தில், ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே நீளத்தில் ஒரு கீறல் இரண்டிலும் இருந்தது. புழக்கத்தில் விழும் கீறல் இரண்டு நாணயங்களில் அச்சுப் பிசகாமல் ஒன்றாக விழாது. ஒரு மூல நாணயத்திலிருந்து படியெடுத்த அச்சில்தான் அது மீண்டும் மீண்டும் வரும். ஆகவே இந்த ஆண்டுக்குத் தராசை மட்டும் நம்ப வேண்டாம், படங்களைச் சேமித்து ஒப்பிடுங்கள். கிழக்காசிய வணிகத்துக்காகப் பம்பாயில் அச்சான பிரிட்டிஷ் வணிக டாலர் என்ற வெள்ளி நாணயத்தின் போலிகள் இதைவிட எளிதில் பிடிபடும்; உண்மையானது 26.95 கிராம், பல போலிகள் எடை குறைந்தவை, சில காந்தத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

சுத்தம் செய்தே ஆக வேண்டிய ஒரு நிலை உண்டு, அது பச்சைக் களிம்பு. தூளாக உதிரும் களிம்பு உலோகத்தைத் தின்றுகொண்டே போகும், அதை விட்டுவைப்பது சரியல்ல. நான் நாணயத்தைக் கனிம எண்ணெயில் ஊறவைத்து, இளகிய களிம்பை மட்டும் மரக்குச்சியின் முனையால் தூக்கி எடுத்து, பிறகு எண்ணெய் போக அசிட்டோனில் அலசி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்துகிறேன். அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து விலகி இந்த வேலையைச் செய்யுங்கள். பற்பசை, வினிகர், உலோக மெருகுப் பசை எதுவும் வேண்டாம். மென்மையான பிவிசி உறைகளும் காலப்போக்கில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கை இறக்கிவிடுகின்றன. அமிலமற்ற தாள் உறைகளுக்கு மாற்றிவிடுங்கள்.

தங்களிடம் எச் இல்லாத 1882 இருப்பதாகக் கருதுவோர் நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு, பக்கவாட்டு ஒளியில் ஆண்டு எண்ணின் கீழ்ப்பகுதியை மட்டும் நெருங்கி எடுத்த படத்தையும், எடையையும் விட்டத்தையும் சேர்த்துப் பகிருங்கள். முக்கியமாக, படம் எடுப்பதற்காக நாணயத்தைத் துடைத்துவிடாதீர்கள்.