அப்பாவோட ரெண்டாவது ஸ்கேன் (குடும்பக் குழு)

மாலா: அப்பா ரிப்போர்ட் வந்துடுச்சு, போட்டோ மேல போட்டிருக்கேன். எம்.ஆர்.ஏ.ல, அதான் மூளை ரத்தக் குழாய் ஸ்கேன்ல, இடது எம்.சி.ஏ.ங்கற பெரிய மூளைக் குழாய் 70–80 சதவீதம் சுருங்கியிருக்காம். நாளைக்கு டயமாக்ஸ் ஊசி போட்டு இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்ங்கறாங்க.

அத்தை: மறுபடியும் ஸ்கேனா? எங்க அடைப்புன்னுதான் தெரிஞ்சுபோச்சே. நெஞ்சுக்கு வைக்கிற மாதிரி ஒரு ஸ்டென்ட் வெச்சு அனுப்பச் சொல்லும்மா.

சித்தப்பா: எண்பதுன்னா மிச்சம் இருபதுதானே இருக்கு! அண்ணனை இப்படியே வெச்சுக்கிட்டு இருக்கிறது எனக்குச் சரியாப் படல.

மாலா: செந்தில் அண்ணா, பாத்தா சொல்லுங்க.

செந்தில்: ட்யூட்டி முடிஞ்சு இப்பதான் பாத்தேன் மாலா. அந்த ஸ்கேன் கண்டிப்பா எடுக்கட்டும்.

செந்தில்: அத்தை, எம்.ஆர்.ஏ. காட்டுறது குழாய் எவ்வளவு குறுகியிருக்குங்கறதை மட்டும்தான். ரத்தம் மெதுவாப் போற இடத்துல சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டியும் காட்டும். அதைத் தாண்டி மூளைக்கு எவ்வளவு ரத்தம் போய்ச் சேருதுன்னு அதுல தெரியாது. இதே 80 சதவீதத்தோட ஒருத்தர் நல்லா இருப்பார், ஏன்னா பக்கத்துக் குழாய்ங்க கைகொடுத்திருக்கும். இன்னொருத்தருக்கு அந்த உதவி இருக்காது. தினம் இந்தப் படங்களைப் படிக்கிறவன் நான், சதவீதத்தை மட்டும் வெச்சு முடிவெடுக்கிறதை என்னால ஒத்துக்க முடியாது.

சித்தப்பா: டயமாக்ஸ் எதுக்குப்பா?

செந்தில்: அது மூளைக் குழாய்களை விரிய வைக்கிற மருந்து சித்தப்பா. ஊசிக்கு முன்னாடி ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு தடவை படம் எடுப்பாங்க. நல்லா இருக்கிற பகுதியில ரத்த ஓட்டம் கூடும். சுருக்கத்துக்கு அப்பால இருக்கிற குழாய்ங்க ஏற்கெனவே முழுசா விரிஞ்சு சமாளிச்சிட்டு இருந்தா, ஊசி போட்டும் அங்க கூடாது, சில சமயம் குறையக்கூடச் செய்யும். கைவசம் இருப்பு தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். அவங்களுக்குத்தான் பக்கவாத ஆபத்து அதிகம்.

செந்தில்: மாலா, நீ போட்ட டிஃப்யூஷன் படத்துல (புதுசா ரத்தம் பத்தாமப் பாதிச்ச இடத்தை வெள்ளையாக் காட்டுற எம்.ஆர்.ஐ.) இடது பக்கம் வெள்ளைப் புள்ளிங்க வரிசையா இருக்கு பாரு, ரெண்டு பெரிய குழாய்களோட எல்லை சேர்ற இடம் அது. வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா கடைமடைதானே முதல்ல காயும்? அன்னிக்கு அவருக்கு வலது கை மரத்துப் பேச்சு குழறினது ரத்தம் பத்தாமலா, இல்ல சின்ன ரத்தக் கட்டி உடைஞ்சு போய் அடைச்சதாலயான்னு பாக்கணும். அதான் எனக்கும் கவலை.

அத்தை: அப்ப ஸ்டென்ட் வெச்சுடலாம்ல?

செந்தில்: அமெரிக்காவுல சாம்ப்ரிஸ்னு ஒரு ஆய்வு அத்தை, முடிவு 2011ல வந்துச்சு. மூளைக்குள்ள 70–99 சதவீதம் சுருக்கம் இருந்த 451 பேர். முதல் 30 நாள்ல பக்கவாதமோ சாவோ ஆனது மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 5.8 சதவீதம், ஸ்டென்டும் வெச்சவங்கள்ல 14.7. ஆள் சேர்க்கிறதையே பாதியில நிறுத்திட்டாங்க. மூளைக் குழாய் மெலிசு, அதுலேருந்து பிரியிற நுண்ணிய கிளைங்களை ஸ்டென்ட் அடைச்சுடலாம். அதனால ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்க ஸ்டாட்டின், இதுங்கதான் முதல்ல. மருந்தையும் மீறி மறுபடி பக்கவாதம் வந்தாத்தான் அடுத்த பேச்சு.

அத்தை: சரிப்பா. நெஞ்சு மாதிரியேன்னு நினைச்சிட்டேன்.

அம்மா: செந்தில், பி.பி. மாத்திரை இன்னிக்கு ராத்திரி குடுக்கலாமா? எழுந்து நின்னா தலை சுத்துதுங்கறார்.

செந்தில்: சித்தி, நீங்களா நிறுத்தவும் வேணாம், கூட்டவும் வேணாம். தலை சுத்துறதை இப்பவே டாக்டருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க. இருப்பு கம்மியா இருக்கிறவருக்கு பி.பி. சட்டுனு இறங்கினா ஆபத்து. வலது பக்கம் மறுபடி மரத்தாலோ வாய் கோணினாலோ, ரெண்டே நிமிஷத்துல சரியானாலும் நேரா எமர்ஜென்சி.

மாலா: ஊசி போட்டா ஏதாவது பண்ணுமா?

செந்தில்: விரல் நுனி, உதட்டைச் சுத்தி மதமதன்னு இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடு, இல்லேன்னா மறுபடி வந்துடுச்சுன்னு பயந்துடுவார். மதமதப்பு ரெண்டு பக்கமும் இருந்தா மருந்தால, வலது பக்கம் மட்டும்னா உடனே நர்ஸைக் கூப்பிடு. பழைய சி.டி., கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்) ரிசல்ட் எடுத்துக்கோ. சல்ஃபா அலர்ஜி இல்லையே?

அம்மா: இருக்கே! முன்னாடி ஒரு சல்ஃபா மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சே வாங்குச்சு. பழைய சீட்டுல எழுதியிருக்கு.

செந்தில்: நல்லவேளை சொன்னீங்க சித்தி. அந்தச் சீட்டை போட்டோ எடுத்து இப்பவே டாக்டருக்கு அனுப்பு மாலா. டயமாக்ஸும் சல்ஃபா வகைதான், போடலாமா வேணாமான்னு அவர் முடிவு பண்ணட்டும். வேணாம்னா மூச்சை அடக்கச் சொல்லி, தலையில டாப்ளர்ங்கற அல்ட்ராசவுண்ட் கருவி வெச்சு ரத்த வேகம் கூடுதான்னும் பாக்கலாம்.

மாலா: அனுப்பிட்டேன். டாக்டர் லைன்ல வந்துட்டார், பேசிட்டு வரேன்.