போன்சாய் ஆலமரத்துக்கு உரம் போடலாமா? கொழுந்து மஞ்சளா வருது

ஈரோடு மாடிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ஒரு ஆலமர போன்சாய் இருக்கு. சிமெண்ட் தட்டு, அடிமரம் நல்ல பருமன், விழுதும் இறங்க ஆரம்பிச்சிருக்கு. வாங்கினப்போ, "உரமே போடாதீங்க, போட்டா பெரிய மரமாயிடும்"னு சொல்லித்தான் கொடுத்தாங்க. அதனால இதுவரை வெறும் தண்ணிதான், அதுவும் போர் தண்ணி. இப்போ புதுசா வர்ற இலையெல்லாம் வெளிறி இருக்கு. நரம்பு மட்டும் பச்சை, நடுவுல எல்லாம் மஞ்சள். கீழே இருக்கிற பழைய இலைக்கு ஒண்ணும் ஆகலை. உரம் போடலாமா? போட்டா எது, எவ்வளவு?

கோவை செடிப்பிரியை:
எங்க வீட்டு ரோஜாவுக்கு முட்டை ஓட்டைப் பொடிச்சு, கழுவின டீத்தூளோட கலந்து போடுவேன். நல்லா வருது. நீங்களும் அதைப் போட்டுப் பாருங்க தம்பி.

மதுரை ஆலங்கன்று:
தம்பி, உரம் கண்டிப்பா போடணும். பட்டினி போட்டு மரத்தைச் சின்னதா வைக்கிற கலை இல்லை இது. மரம் சின்னதா இருக்கிறதுக்குக் காரணம் கத்தரியும், வேர் வெட்டும், தட்டோட அளவும். தரையில இருக்கிற ஆலமரம் தனக்கு வேண்டியதை எங்கே போயும் தேடிக்கும். உங்க மரத்துக்கு நாலு விரல் ஆழ மண்ணுதான் உலகம். தினமும் தண்ணி ஊத்தி, அதுல இருக்கிற சத்தையும் ஓட்டை வழியா வெளியே அனுப்பிடறோம். நாம கொடுத்தாத்தான் அதுக்குச் சாப்பாடு. இதைத் தெரியாம எத்தனை நல்ல மரங்கள் மெலிஞ்சு போகுதுன்னு நினைச்சா வயிறு எரியுது.

ஆனா இப்போ உங்க மரத்துக்கு வந்திருக்கிறது பசி மட்டும் இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைஞ்சா பழைய இலைதான் முதல்ல முழுசா மஞ்சளாகும், ஏன்னா மரம் அதுல இருக்கிற சத்தை உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துடும். மெக்னீசியம் குறைஞ்சாலும் பழைய இலையிலதான் தொடங்கும். இரும்பு அப்படி இல்லை. ஒரு இலையில போய்ச் சேர்ந்த இரும்பை மரத்தால சுலபமா இடம் மாத்த முடியாது. அதான் கொழுந்து வெளிறி, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. நீங்க எழுதினது அச்சு அசலா இரும்புக் குறைதான்.

இரும்பு மண்ணுல இல்லாம இருக்காது. சுண்ணாம்பு ஏறின மண்ணுல அது வேருக்குக் கிடைக்காத மாதிரி இறுகிடும். சுண்ணாம்பு எங்கேயிருந்து வருதுன்னா ஒண்ணு போர் தண்ணி, இன்னொண்ணு சிமெண்ட் தட்டு. தட்டோட விளிம்புலயும் அடிமரத்து ஓரத்துலயும் வெள்ளையாப் பூத்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க.

கோவை அக்கா கோவிச்சுக்க வேண்டாம், இந்த மரத்துக்கு முட்டை ஓடு மட்டும் வேண்டாம். அதுவும் சுண்ணாம்புதான், நோயைக் கூட்டிடும்.

ஈரோடு மாடிவாசி:
அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே விளிம்பு முழுக்க வெள்ளையா உப்பு பூத்திருக்கு. நகத்தால சுரண்டினா மாவா உதிருது. உரக்கடையில 19:19:19 (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூணும் சமமாக் கலந்த உரம்) கொடுத்தாங்க, வாங்கியும் வெச்சிட்டேன். அதைப் போடலாமா?

மதுரை ஆலங்கன்று:
பாக்கெட் பத்திரமா இருக்கட்டும், அவசரப்படாதீங்க. அதை மட்டும் போட்டா மஞ்சள் தீராது.

முதல்ல மண்ணை அலசுங்க. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருந்தா அது, இல்லைன்னா ஆர்.ஓ. தண்ணி (அந்த மெஷின் கழிச்சு விடுற தண்ணி இல்லை, அதுல உப்பு இன்னும் அதிகம்). தட்டு நிரம்பி அடியில ஓடுற மாதிரி நாலஞ்சு தடவை ஊத்துங்க. மறுநாள் இரும்பு கொடுங்க. கடையில ரெண்டு வகை இருக்கும். இ.டி.டி.ஏ.ன்னு (EDTA) போட்டது சுண்ணாம்பு மண்ணுல சீக்கிரம் செயலிழந்துடும். நமக்கு வேண்டியது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA), அந்த 'எச்' இருக்கான்னு பார்த்து வாங்குங்க. கரைச்சா தண்ணி ரத்தச் சிவப்பா இருக்கும், பயப்பட வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராம் போதும். அது கிடைக்கலைன்னா அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 2 கிராம், கூட எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு இலை மேல தெளிங்க. உச்சி வெயில்ல தெளிச்சா இலை கருகிப் புள்ளி விழும். பலன் தெரியறதுக்குப் பழைய மஞ்சள் இலையைப் பார்க்காதீங்க, அடுத்து விரியற கொழுந்தைப் பாருங்க.

கொழுந்து பச்சையா வந்த பிறகு 19:19:19. லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை. பாக்கெட்டுல போட்டிருக்கிற அளவு வயலுக்கு, தட்டுக்கு இல்லை. காய்ஞ்ச மண்ணுல ஊத்தவே கூடாது, வேர் வெந்துடும். முதல்ல வெறும் தண்ணி, அப்புறம் உரத்தண்ணி. அக்னி நட்சத்திரத்துல பாதியாக் குறைச்சிடுங்க.

எனக்குப் பிடிச்சது கடலைப் புண்ணாக்குதான். ஜப்பான்ல ரேப்சீட்னு கடுகு இனத்துப் புண்ணாக்கை உருண்டை பிடிச்சு மண்ணு மேல வைப்பாங்க. தண்ணி ஊத்த ஊத்த அது கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு இறங்கும். அதையே நான் கடலைப் புண்ணாக்கு மூணு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு, ஒரு பிடி எலும்புத்தூள் கலந்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி நிழல்ல காய வெச்சுச் செய்யறேன். மாடிக்கு அணில் வரும். அதனால பிளாஸ்டிக் டீ வடிகட்டியோட கைப்பிடியை வெட்டிட்டு, உருண்டை மேல கவுத்து, கம்பியை வளைச்சு மண்ணுல குத்தி வெச்சிடுவேன். உருண்டை வெளுத்துப் பொடியாயிட்டா எடுத்துட்டு, வேற இடத்துல புதுசு. மேல வெள்ளையாப் பூஞ்சை படர்ந்தா அது நல்லதுதான், துடைக்காதீங்க.

திருச்சி காகிதப்பூ:
அண்ணே, என் காகிதப்பூ போன்சாய்க்கும் இதே உருண்டைதான் வைக்கிறேன். கிளை நீளமாப் போகுது, இலை தளதளன்னு இருக்கு, பூ மட்டும் இல்லை.

மதுரை ஆலங்கன்று:
தழைச்சத்து கூடிப்போச்சு. கடலைப் புண்ணாக்குல தழைச்சத்து நூத்துக்கு ஏழு பங்கு இருக்கு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஒண்ணு ஒன்றரைதான். இலைக்கும் கிளைக்கும் அது சரி, பூவுக்கு உதவாது. உருண்டையை எடுத்துடுங்க. நல்ல வெயில்ல வெச்சு, இலை லேசாத் துவண்ட பிறகு தண்ணி விடுங்க. மொட்டு வைக்கிற வரைக்கும் 0:0:50 (தழையும் மணியும் இல்லாத சாம்பல்சத்து உரம்) லிட்டருக்கு அரை கிராம், பத்து நாளைக்கு ஒருதரம். பூத்து ஓய்ஞ்சதும் வெட்டி விட்டுட்டு மறுபடி உருண்டை வைக்கலாம்.

ஈரோடு மாடிவாசி:
ரொம்ப நன்றி அண்ணே. சிமெண்ட் தட்டை மாத்திடவா? மாத்தின உடனே உரம் போடலாமா?

மதுரை ஆலங்கன்று:
மாத்துங்க, ஆனா இப்போ வேண்டாம். வெளிறின மரத்தோட வேரை வெட்டக் கூடாது. ரெண்டு தளிர் பச்சையா வந்த பிறகு சுட்ட மண் தட்டுக்கோ பீங்கான் தட்டுக்கோ மாத்துங்க. செங்கல் சல்லியைச் சலிச்சு, தூசி இல்லாமப் போடுங்க. சிமெண்ட் பூச்சு ஒட்டின பழைய செங்கல் ஆகாது. மாத்தின பிறகு நாலு வாரம் உரம் கிடையாது, வெட்டுப்பட்ட வேர் அதைத் தாங்காது. புதுத் தளிர் நீள ஆரம்பிச்சதும் முதல் உருண்டையைத் தட்டோட ஓரமா வைங்க, அடிமரத்தை ஒட்டி வைக்காதீங்க.