புதுப்பிப்பு: வெண்ணெய் அப்பாவி இல்லையாம்

போன மாதம் இதே இழையில், "கல்லீரல் கொழுப்புக்குச் சர்க்கரைதான் காரணம், வெண்ணெய் பாவம்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். பாதி தப்பு.

2018-இல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வு: அதிக எடையுள்ள 38 பேர், மூன்று வாரம், தினமும் 1000 கலோரி கூடுதல். வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெய் தின்றவர்களுக்குக் கல்லீரல் கொழுப்பு 55% ஏறியது. சர்க்கரைக் கோஷ்டிக்கு 33%. ஆலிவ் எண்ணெய், கொட்டை வகையறாவுக்கு 15%தான்.

சர்க்கரை மிஞ்சினால் கல்லீரலே அதைக் கொழுப்பாக்கிக்கொள்ளும். வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெயில் நிறைந்திருக்கும் நிறைவுற்ற கொழுப்போ உடலின் கொழுப்புக் கிடங்கையே அவிழ்த்துவிடுகிறது. அங்கிருந்து கிளம்பும் கொழுப்பு அமிலம் கல்லீரலில் வந்து குவிகிறது.

கீட்டோ (மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) நண்பர்களே, சண்டைக்கு வராதீர்கள். இது அளவுக்கு மீறித் தின்றபோது நடந்தது. மாவுச்சத்தை அறவே குறைத்தால் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோனாக்கி எரிபொருளாக அனுப்பும், உண்மைதான். மூன்று வேளைச் சோற்றுக்கு மேல் வெண்ணெய்க் காபியும் குடித்த என் கதை வேறு.